வாய் திறந்த பாட்டில் போகும் வழி

குளிர்பான ஆலையின் பாட்டிலிங் ஹாலில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, கண்ணாடியோடு கண்ணாடி மோதும் ஓயாத சத்தம். இன்னொன்று, காலடியில் எந்நேரமும் கிடக்கும் சோப்புத் தண்ணீர். அது தரை கழுவிய தண்ணீர் அல்ல. கன்வேயர் செயின்மேல் பாட்டில் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று நாசில் நாசிலாகச் சொட்டவிட்ட லூப், அதாவது உயவுத் திரவம், செயினிலிருந்து வழிந்து, ட்ரேயிலிருந்து தப்பித் தரைக்கு வந்தது. நான் லைனில் இருந்த காலத்தில் அந்த ஈரத்தை ஆலையின் இயல்பாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். லூப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், எது சிறந்தது என்பதுதான் பேச்சு: சோப்பா, அமீனா, சிலிக்கோனா? அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று அதன் அடியில் அமுங்கிக் கிடந்தது என்று இப்போது தோன்றுகிறது. கழுவும் வாஷரிலிருந்து வெளியே வந்த பாட்டில், தலையில் மூடி விழும்வரை, வாய் திறந்தபடிதான் போகிறது. அந்தத் தூரத்தில் செயினுக்குப் போடுகிற எதுவும் பாட்டிலின் வாய்க்கு எட்டாமல் இருக்க வேண்டும். எந்த லூப் என்பது அதற்கு அடுத்த கேள்வி. எங்கே, எப்படி, எப்போது போடுகிறோம், அங்கே போடத்தான் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

லூப்பே வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. பாட்டிலும் செயினும் ஒரே வேகத்தில் போகும்வரை உராய்வால் தொல்லை இல்லை. சொல்லப்போனால் உராய்வு இருப்பதால்தான் பாட்டில் செயினோடு போகிறது. பாட்டில் நின்று செயின் மட்டும் ஓடும்போதுதான் தொல்லை. பானத்தை நிரப்பும் ஃபில்லர் நின்றால் அதன் முன்னால் பாட்டில்கள் முட்டிக்கொண்டு நிற்கும்; செயின் அவற்றின் அடியை உரசிக்கொண்டே ஓடும். கணக்குக்கு ஒரு காலி பாட்டில் 400 கிராம், விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஒற்றை வரிசையில் 500 பாட்டில்கள் நிற்கும். மொத்த எடை 200 கிலோ. நல்ல லூப் இருந்து, எஃகுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உராய்வு எண் 0.1 என்றால், வரிசையின் முதல் பாட்டில்மேல் 20 கிலோ அழுத்தம் விழும். லூப் நின்றுபோய், சிந்திய பாகு செயின்மேல் காய்ந்து, அந்த எண் 0.3 ஆகிவிட்டால் அதே இடத்தில் 60 கிலோ. பாட்டில் உடைவது, வளைவில் சாய்வது, மோட்டார் ட்ரிப் ஆவது எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான். திரும்பத் திரும்ப நிரப்பும் கண்ணாடி பாட்டில்களின் தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு தேய்மான வளையம் இருக்குமே, பெட்டிக்கடையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதிலும் இந்த அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. நிமிடத்துக்கு 600 பாட்டில் ஓடும் லைனில், ஒற்றை வரிசையில் செயின் நிமிடத்துக்கு 36 மீட்டராவது போக வேண்டும். அந்த வேகத்தில் உராய்வை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

பல ஆண்டுகள் இதற்குச் சோப்புதான் விடை. கொழுப்பு அமிலங்களில் செய்த பொட்டாசியம் சோப். 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. மலிவு, கையாளச் சுலபம், கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவே நன்றாகவே வழுக்கும். ஆனால் சோப்பின் குணம் ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. உப்புத் தண்ணீரில் வேட்டி துவைத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து, கரையாத பிசுக்காக மாற்றிவிடும். அந்தப் பிசுக்கு நாசிலை அடைக்கும், செயின் கண்ணிகளுக்குள் போய் உட்காரும். அதைத் தடுக்க இ.டி.டி.ஏ. போன்றவற்றைச் சேர்ப்பார்கள், இல்லையென்றால் மென்னீர் ஆலையிலிருந்து குழாய் இழுப்பார்கள். குளிர்பானம் அமிலம்; சோப்பின்மேல் சிந்தினால் சோப்பை உடைத்து மறுபடி கொழுப்பாக்கிவிடும். அப்புறம் நுரை. சோப் லூப் போடும் லைனில் செயின் திரும்பும் இடங்களிலும் மேசை போன்ற அகலக் கன்வேயர்களின் ஓரங்களிலும் நுரை மேடு கட்டி நிற்கும். பின்னால் வந்த அமீன் லூப்புகள் கடினத் தண்ணீரைத் தாங்கின, நுரை குறைவு, கிருமிகளையும் ஓரளவு அடக்கின. அவற்றுக்கும் தண்ணீரிலிருக்கும் சல்ஃபேட் ஆகாது. வேறு விதமாகப் படிந்து தொல்லை கொடுக்கும். விவரமாகப் பேச இதில் நிறைய உண்டு. வேதியியல் சப்ளையர்கள் மணிக்கணக்கில் பேசுவதும் இதைத்தான். ஆனால் இரண்டுமே ஒரு நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டன: லூப் கீழே இருக்கிறது, பாட்டிலின் வாய் மேலே இருக்கிறது, இரண்டும் சந்திக்க வழியில்லை.

அந்த நம்பிக்கை லைனில் நிற்காது. வாஷரிலிருந்து கிளம்பும் பாட்டிலோடு கூடவே நடந்து பார்த்தால் போதும். பாட்டில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறி, சுத்தத் தண்ணீரில் அலசப்பட்டு, இளஞ்சூட்டோடு வெளியே வருகிறது. அகலமான கன்வேயரில் கும்பலாக வந்து, ஒற்றை வரிசையாகி, காலி பாட்டில் சோதிக்கும் எந்திரத்துக்குள் நுழைகிறது. அங்கே வாய் வழியாகக் கேமரா அடியைப் பார்க்கிறது. எஞ்சிய காஸ்டிக்கோ எண்ணெயோ இருக்கிறதா என்று உயரலைக் கருவியும் அகச்சிவப்புக் கருவியும் பார்க்கின்றன. பாட்டிலின் அடிப்புறத்தில் நுரையோ சொட்டோ ஒட்டியிருந்தால் கேமரா அதை அழுக்கு என்று நினைத்து நல்ல பாட்டிலையும் தள்ளிவிடும். அதனால் அதற்கு முன்னால் ஒரு ஊதுகுழல் வைத்துக் காற்றால் அடியைத் துடைக்கிறார்கள். இந்த ஊதுகுழலைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். அடியில் ஒட்டிய லூப்பைக் காற்று அடிக்கும்போது அது போகும் இடம் எது? நல்ல மறைப்பும் உறிஞ்சியும் இல்லாவிட்டால் புகைபோல எழுந்து, பக்கத்தில் வாய் திறந்து நிற்கும் பாட்டில்கள்மேல்தான் இறங்கும். சோதனை முடிந்த பிறகும் பாட்டில் உடனே ஃபில்லருக்குள் போவதில்லை. நடுவே சில மீட்டர் கன்வேயர் இருக்கிறது, அதற்கும் லூப் உண்டு. அங்கே உள்ளே விழுவதை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. காவல் முடிந்த இடத்துக்கு அப்பாலும் கதவு திறந்தே கிடக்கிறது. திறந்த பாட்டில் போகும் வழிக்கு மேலே எஃகுக் கூரை போடுவது வழக்கம்தான். மேலிருந்து தூசியும் பூச்சியும் விழாமல் அது காக்கும். வாஷரிலிருந்து வரும் சூடான ஈரம் அந்தக் கூரையின் அடியில் குளிர்ந்து சொட்டும் என்பதால் சாய்வாகவும் போடுகிறார்கள். ஆனால் கூரை கீழிருந்து எழும் எதையும் தடுக்காது. அழுத்தம் கூடிய நாசில் செயின் கண்ணியின் விளிம்பில் பட்டால் சிதறல் மேலே எழும். லைன் ஓடும்போதே ஹோஸ் பிடித்துச் செயினைக் கழுவினால் சொல்லவே வேண்டாம். அதுவோ எல்லா ஷிப்ட்டிலும் நடக்கும் வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழி, விழுந்த பாட்டில். நிற்கும் பாட்டிலின் வாய் செயினிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. சாய்ந்து விழுந்த பாட்டிலின் வாய் செயின்மேலேயே இருக்கிறது. எஃகுத் தகடுகளுக்கு நடுவே தேங்கிய லூப், அதில் கரைந்த பாகு, தேய்ந்த உலோகத்தின் கறுப்பு, எல்லாம் சேர்ந்த அந்த ஈரத்தில் வாயை வைத்தபடி பாட்டில் உருண்டும் இழுபட்டும் போகிறது. கைடு ரெயில் கொஞ்சம் அகன்றிருந்தாலோ இரண்டு செயின்கள் சேரும் இடத்தில் மேடு பள்ளம் இருந்தாலோ பாட்டில் விழத்தான் செய்யும். அது யார் குற்றமும் இல்லை. விதி என்ன சொல்கிறது என்றால், விழுந்த பாட்டிலை எடுத்து கிரேட்டில் போட்டு, மறுபடி வாஷருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஃபில்லர் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, விழுந்த ஒன்று பின்னால் வருவதையெல்லாம் அடைக்கும்போது, மனிதக் கை இயல்பாகச் செய்வது அதைத் தூக்கி நிறுத்துவதுதான். அரை வினாடி வேலை. நிறுத்திய பாட்டில் மற்றவற்றோடு சேர்ந்ததும் அது எது என்று யாருக்கும் தெரியாது. நல்ல லைன்களில் விழுந்த பாட்டிலைத் தானாகவே வெளியே தள்ளும் இடைவெளி ஒன்று வைத்திருப்பார்கள். அது இருக்கும் இடங்களிலும் ஆபரேட்டரின் கை அதற்கு முந்திக்கொள்ளும். ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லைன் நின்ற நிமிடங்கள் அவர் பெயரில் எழுதப்படுகின்றன. நிறுத்திவைத்த பாட்டில் யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை.

இங்கே ஒரு ஒப்பீடு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஃபில்லரில் ஒரு பாட்டில் வெடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எந்த ஆலையிலும் இரண்டு கருத்து இல்லை. அதை நிரப்பிக்கொண்டிருந்த வால்வைத் தண்ணீரால் அலச வேண்டும். முன்னும் பின்னும் இருந்த பாட்டில்களையும், அதே வால்வில் அடுத்த சுற்றுகளில் வந்தவற்றையும் கழித்துவிட வேண்டும். கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்து பாட்டிலுக்குள் குதித்திருக்கலாம் என்பதே காரணம். நிரூபணம் கேட்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. குதித்திருக்கலாம் என்ற வாய்ப்பே போதும். சில்லு தாவுமென்றால் சொட்டும் தாவும். ஆனால் நாசில் பிசகி ஒரு மணி நேரம் மேலே அடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தால், நாசிலைத் திருப்பிவைப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கடந்துபோன பாட்டில்களைப் பற்றிப் பேச்சே எழாது. சில்லு ஆளைக் காயப்படுத்தும், சோப்பு அப்படிச் செய்யாது என்பது நியாயமான வித்தியாசம்தான். ஆனாலும் நடவடிக்கையின் அளவில்தான் அந்த வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு முழு விதிப்புத்தகம், மற்றதற்கு ஒரு வரியும் இல்லை என்பது அபாயத்தை எடைபோட்டு வந்த முடிவு அல்ல, பழக்கத்தால் வந்தது.

ஒரு சொட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கும் அவர்கள் பக்கம் பேசுவதுபோலத் தெரியும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர். 300 மில்லி பாட்டிலில் அது பத்து லட்சத்தில் 167 பங்கு. சோப் லூப் அரை சதவீதக் கரைசல் என்பதால், அந்தச் சொட்டில் இருக்கும் மூலப்பொருள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உணவோடு தற்செயலாகச் சேரக்கூடிய உயவுப் பொருள்களுக்கான அமெரிக்க விதி, கனிம எண்ணெய்க்கே பத்து லட்சத்தில் 10 பங்குவரை இடம் கொடுக்கிறது. அப்படிப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கு டிரம்மிலிருந்து நேராக எடுத்த லூப்புக்கு மட்டும் பொருந்தும். செயின்மேல் இருப்பது அந்த லூப் அல்ல. அது சிந்திய பானத்தையும் தரைக் கழுவலையும் முந்தைய ஷிப்ட்டின் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்ட திரவம். அதில் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. நாசில் குழாயின் உள்ளேயும் ட்ரேயின் மூலைகளிலும் விரலால் தடவினால் வழவழவென்று கையோடு வருமே, அதுதான். மருந்துக் கணக்கில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்காகவே இருக்கும். உயிருள்ள ஈஸ்ட் செல் அப்படி இருக்காது. சர்க்கரையும் நாளும் கிடைத்தால் பெருகும். பீர் உலகம் இதை முன்னமே கணக்கில் எடுத்தது. பீரில் நேரும் நுண்ணுயிர்க் கெடுதல்களில் பாதிக்குக் குறையாதவை நொதிக்கும் தொட்டியில் தொடங்குவதில்லை, பாட்டிலில் அடைக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன என்று ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் வெர்னர் பாக் 1990-களில் எழுதினார். அழுகிய முட்டை வாசனையைக் கொண்டுவரும் பெக்டினாட்டஸ் என்ற பாக்டீரியாவை 1978-இல் விவரித்தார்கள். அதன் குடியிருப்புகளாகப் பின்னால் கண்டவற்றில் பாட்டிலிங் ஹாலின் வடிகால்களும் லூப் அமைப்புகளும் உண்டு. சரி, பீரை மூடிய பிறகு பாஸ்ச்சரைஸ் செய்கிறார்களே என்றால், செய்கிறார்கள்; எல்லா பீரையும் அல்ல, குளிர்பானத்தைப் பெரும்பாலும் செய்வதில்லை. வாயுவும் அமிலமும் பதப்பொருளும் அங்கே காவல் என்பது உண்மைதான். பழச்சாறு கலந்த பானங்களில் அந்தக் காவல் எவ்வளவு தளர்வு என்பதைக் கோடைக்காலத்தில் உப்பிய மூடிகள் சொல்லும்.

உலர் லூப் வந்தபோது இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். சிலிக்கோன் எண்ணெயைத் தண்ணீரில் குழம்பாக்கி, கரைக்காமலே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில வினாடிகள் மட்டும் செயினில் தடவுவது. தரை காய்ந்தது, நுரை போனது. அது வந்த காரணத்தை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கை. சுத்தத்துக்காக யாரும் அதைத் தேடவில்லை, தண்ணீருக்காகத்தான் தேடினார்கள். கேரளத்தின் பிளாச்சிமடாவில் 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீர்ப் போராட்டத்துக்குப் பிறகு 2004-இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் குளிர்பான ஆலைகள் தாமிரபரணித் தண்ணீரை எடுப்பது நீதிமன்றம்வரை போனது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஒரு லிட்டர் பானத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது நிறுவனங்கள் ஆண்டுதோறும் பதில் சொல்ல வேண்டிய எண்ணாகிவிட்டது. கோகோ கோலா தன் உலகக் கணக்காக 2004-இல் 2.7 லிட்டர் என்று சொன்னது. பத்தாண்டுகளில் அது 2 லிட்டரை நெருங்கியது. கண்ணாடி பாட்டில் ஆலையில் தண்ணீரைக் குடிப்பது முக்கியமாக வாஷர்தான், லூப் அல்ல. இருந்தாலும் மிச்சம் பிடிக்கச் சுலபமான இடம் லூப். 60 நாசில், ஒவ்வொன்றும் மணிக்கு 6 லிட்டர் என்று வைத்தால்கூட 20 மணி நேரத்தில் 7,200 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அதை வெட்டியது நல்ல வெட்டு. ஆனால் திறந்த பாட்டிலின் கோணத்தில் பார்த்தால் உலர் லூப்புக்கு வேறொரு முகம் உண்டு. அது நீர்க்காத மருந்து. ஐந்து சதவீதம் சிலிக்கோன் உள்ள ஒரு சொட்டு 300 மில்லியில் விழுந்தால் பத்து லட்சத்தில் 8 பங்குக்கு மேல். சொட்டுக்குச் சொட்டு சோப்பைவிடப் பத்து மடங்கு. சிலிக்கோன் நுரையை அடக்கும் மருந்தும்கூட. தொழிற்சாலைகளில் நுரை அடக்க வேண்டுமென்றே சேர்ப்பது அதைத்தான். பீர் பாட்டிலுக்குள் அது போனால் பீரின் தலையில் நுரை நிற்காது. ஆகவே ஈரத்திலிருந்து உலர்வுக்கு மாறியதாலேயே திறந்த பாட்டில் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிதறல் குறைந்தது, அது பெரிய லாபம். விழுந்த பாட்டில் இன்னும் செயினில் வாய் வைத்துத்தான் கிடக்கிறது.

உலர் லூப்புக்குப் பழைய ஆட்கள் சொல்லும் எதிர்ப்பு வேறு: சோப்புத் தண்ணீர் செயினைக் கழுவிக்கொண்டே இருந்தது, இதுவோ கறுப்பு மையைச் சேர்க்கிறது. கண்ணால் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. உலர் லூப் ஓடும் செயினில் சில நாளில் தேய்மானத் தூளும் சிலிக்கோனும் பிசைந்த கறுப்புப் படிவு உருவாகி, பாட்டிலின் அடியிலும் வளையமாக ஒட்டும். ஆனால் அந்த எதிர்ப்பே என் பக்கத்துக்கு ஒரு சாட்சி. வழுக்கவைப்பது ஒரு வேலை, கழுவுவது இன்னொரு வேலை. சோப்பு இரண்டையும் ஒரே தண்ணீரில் செய்தது. அதனால்தான் அந்தத் தண்ணீர் அழுக்காகவும் இருந்தது, பாட்டிலோடு கூடவே ஓடவும் செய்தது. அழுக்கை அகற்றும் தண்ணீர், பாட்டில் இல்லாதபோதுதான் ஓட வேண்டும். ஷிப்ட் முடிவில், லைன் காலியாக இருக்கும்போது, நுரைக் கிளீனர் போட்டு, நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை அது. நேரம் ஒதுக்கினால் உற்பத்தி குறையும் என்பது உண்மை. அந்த நேரத்தைப் பாட்டிலுக்குள் சேமித்துக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மை.

திறந்த வாயையும் லூப்பையும் முற்றாகப் பிரிக்க முடியும் என்பதற்குப் பெட் பிளாஸ்டிக் பாட்டில் லைன்களே ஆதாரம். ஊதிச் செய்த காலி பெட் பாட்டிலைக் கழுத்து வளையத்தில் தொங்கவிட்டுக் காற்றால் தள்ளுகிறார்கள். அடியில் செயின் இல்லை, லூப்பும் இல்லை. பின்னால் வந்த எந்திரங்களில் ஊதும் இடமும் நிரப்பும் இடமும் மூடும் இடமும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன. பாட்டில் கழுத்தைப் பிடித்த கைகளிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. லூப் பூசிய செயினை அது முதலில் பார்ப்பது மூடி போட்ட பிறகுதான். அங்கே லூப்பின் அபாயமும் வேறு: பெட்டின் ஐந்து கால் அடிப்பகுதியில், நடுவே இறுக்கம் தேங்கிய இடத்தில், காரத் தண்ணீரும் ஒவ்வாத லூப்பும் மயிரிழை விரிசல்களைப் போடும், பாட்டில் கோடவுனில் நாலு நாள் கழித்து ஒழுகும். அதனால் லூப் கலக்கும் தண்ணீரின் காரத்தன்மைக்கு லிட்டருக்கு 50 மில்லி கிராம் என்று வரம்பு வைக்கிறார்கள். இதைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒழுகும் பாட்டில் பணத்தைக் கரைத்ததால் அதற்கு எண்ணோடு வரம்பு வந்தது. திறந்த பாட்டிலுக்குள் போகும் சொட்டு யார் பணத்தையும் உடனே கரைப்பதில்லை.

கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக் காற்றால் தள்ள முடியாதே என்றால், முடியாது, எடை விடாது. அப்படியானால் குறைந்த உராய்வுள்ள பிளாஸ்டிக் செயினைப் போட்டு, லூப்பை நிறுத்தலாமே? ஒற்றை வரிசையில், உடைசல் குறைந்த இடங்களில் செய்யலாம். ஆனால் கண்ணாடி உடையும் லைனில் சில்லு பிளாஸ்டிக்கில் குத்தி உட்காரும். பிறகு அந்தச் செயின் வரும் பாட்டில்களையெல்லாம் அடியில் கீறிக்கொண்டே போகும். எஃகு இன்னும் தாக்குப்பிடிப்பதன் காரணம் பழமைப் பற்று அல்ல. எனவே கண்ணாடி லைனில் லூப் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது இருக்கும் இடத்தை மாற்ற முடியும். செயின் ஒரு வளையம். பாட்டிலைச் சுமந்துகொண்டு போன பிறகு அடிவழியாகத் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பும் பக்கத்தில், பாட்டில் எதுவும் இல்லாத இடத்தில், பிரஷ்ஷாலோ தாழ்ந்த நாசிலாலோ பூசினால் சிதறல் எழுந்தாலும் படுவது ட்ரேயில்தான். மேலே வரும்போது மெல்லிய படலம் மட்டும் வரும். செயின் நின்றால் நாசிலும் நிற்க வேண்டும். பாட்டில்கள் நிற்கும்போது அவற்றின் நடுவே லூப் ஓடக் கூடாது. பாட்டில்கள் முட்டி நிற்பதையே குறைத்தால் லூப்பின் தேவையே குறையும். முன்பு ஒரு வேகம்தான், ஓடும் அல்லது நிற்கும். இப்போது சென்சார் பார்த்துக் கன்வேயரே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் 60 கிலோவாக ஏறுவதற்கு முன்பே செயின் தணிந்துவிடுகிறது. முன்பு நுரையால் சமாளித்த வேலையின் பெரும்பகுதியை இன்று வேகத்தை மாற்றும் மோட்டார் டிரைவ் செய்கிறது.

இதில் எனக்குக் கடினமாகத் தெரியும் எதிர்ப்பு இடத்தைப் பற்றியது. திறந்த தூரத்தைக் குறை என்று சொல்வது எளிது. ஆனால் ஃபில்லர்தான் லைனின் அரசன். மற்ற எந்திரங்களை அதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் வேகமாக வைப்பதே அது பாட்டிலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. வாஷர் ஒரு நிமிடம் நின்றாலும் ஃபில்லர் ஓட வேண்டுமென்றால், நடுவே ஒரு நிமிடத்துக்கான பாட்டில்கள், அதாவது 600 திறந்த வாய்கள், கன்வேயரில் நிற்க வேண்டும். தூரத்தைக் குறைத்தால் ஃபில்லர் அடிக்கடி நிற்கும். நின்று கிளம்பும் ஃபில்லரில் நிரப்பு மட்டம் பிசகும், நுரை பொங்கும், ஆக்சிஜன் சேரும், பானத்தின் தரமே கெடும். இதற்குச் சுத்தமான விடை கிடையாது. அப்படிப் பாட்டில்கள் காத்து நிற்கும் இடத்தைச் சோதனை எந்திரத்துக்கு முன்னால் வைத்து, அதற்குப் பிந்தைய தூரத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுருக்கலாம் என்பது மட்டுமே என் யோசனை. சோதனைக்கு முன் விழுந்த சொட்டையாவது பிடிக்க வாய்ப்பு உண்டு. பழைய ஆலைகளில் தூண்களும் சுவர்களும் தீர்மானித்த வழியில் கன்வேயர் வளைந்து வளைந்து போகும். அங்கே இதுவும் நடக்காது. அங்கே மிச்சம் இருப்பது நாசிலைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோவதும், விழுந்த பாட்டிலைக் கையால் நிறுத்தக் கூடாது என்பதை நின்ற நிமிடக் கணக்கிலிருந்து ஆபரேட்டருக்கு விலக்குக் கொடுத்தே சொல்வதும்தான்.

கடைசியாக, சான்றிதழ். லூப் டிரம்மின்மேல் எச்1 என்று அச்சிட்டிருக்கும். உணவோடு தற்செயலாகப் படலாம் என்ற வகை. அமெரிக்க விவசாயத் துறை 1998 வரை கொடுத்துவந்த அந்த வகைப்பாட்டை 1999 முதல் என்.எஸ்.எஃப். என்ற அமைப்பு பதிவு செய்கிறது. அந்த முத்திரையைக் காட்டி, "பட்டால்தான் என்ன, ஃபுட் கிரேடுதானே" என்று சொல்வது ஆலைகளில் சகஜம். தவிர்க்க முடியாமல் படுவதற்குத் தந்த சலுகை அது; தவிர்க்க முடிந்த இடத்தில் படவிடுவதற்கான அனுமதி அல்ல. முத்திரை டிரம்முக்குத்தான், மூன்று ஷிப்ட் செயினில் ஊறிய தண்ணீருக்கு அல்ல. பெரும்பாலான ஆலைகளில் அந்த டிரம்மும் கலக்கும் பம்ப்பும் நாசில் வரிசையும் வேதிப்பொருள் சப்ளையருடையவை; ஆயிரம் பாட்டிலுக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தம். சப்ளையரின் ஆள் வந்து உராய்வை அளந்து, செறிவைப் பார்த்து, ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவார். மெயின்டெனன்ஸ் அதைக் கெமிக்கல் என்று நினைக்கிறது. தரக்கட்டுப்பாடு அதை எந்திரம் என்று நினைக்கிறது. ஃபில்லர் வால்வுகளில் பஞ்சால் தடவி எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் அதே ஆட்கள், இரண்டு மீட்டர் முன்னால் ஓடும் செயினில் பஞ்சு வைப்பதில்லை. தடவ வேண்டிய இடங்களின் பட்டியலில் அது இருக்காது. வாஷருக்கும் ஃபில்லருக்கும் நடுவே உள்ள செயினையும் அதன் ட்ரேயையும் நாசில் நுனியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க மூலதனம் எதுவும் வேண்டாம்; வாரத்துக்குச் சில தட்டுகள் கூடுதலாக வளர்த்தால் போதும்.